வீட்டில் ஒருவருக்குத் தொற்றுநோய்: மற்றவர்களுக்குப் பரவாமல் தடுக்க முழுமையான வழிகாட்டி

வீட்டில் ஒருவர் காய்ச்சலோடு படுத்துவிட்டால், பலர் முதலில் செய்வது கையில் கிடைத்த கிருமிநாசினியை எடுத்து வீடு முழுக்கத் தெளிப்பது. சளி இருமலுக்கும் அதேதான், வாந்தி பேதிக்கும் அதேதான், அம்மைக்கும் அதேதான். உழைப்பு நிறைய, பலன் கொஞ்சம். ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு பாதை இருக்கிறது. அதை விட்டுவிட்டு வேறு எதைத் துடைத்தாலும் கிருமி தன் வழியில் போய்க்கொண்டேதான் இருக்கும். பாதை தெரிந்துவிட்டால் செய்யவேண்டிய வேலையும் குறையும், செய்கிற வேலையும் பலிக்கும்.

கீழே இருப்பது நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கான வழிகாட்டி. மருத்துவரைப் பார்ப்பதற்கு இது மாற்று அல்ல.

படி 1: கிருமி வரும் பாதையைக் கண்டுபிடியுங்கள்

"என்ன நோய்?" என்று மருத்துவரிடம் கேட்கும்போதே "இது எப்படிப் பரவும்?" என்றும் கேட்டுவிடுங்கள். பல பேர் இரண்டாவது கேள்வியைக் கேட்பதே இல்லை.

தட்டம்மை, சின்னம்மை, காசநோய் மூன்றும் காற்றில் மிதந்து பரவுபவை. தட்டம்மை வந்தவர் அறையை விட்டுப் போன பிறகும் வைரஸ் 2 மணி நேரம் வரை அந்தக் காற்றில் இருக்கும். எதிர்ப்பாற்றல் இல்லாத 10 பேர் நெருங்கிப் பழகினால் 9 பேருக்கு ஒட்டிக்கொள்ளும். இன்ஃப்ளூயன்சா, கக்குவான் இருமல் போன்றவை இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் துளிகளில் வருபவை. துளி, காற்று என்று பழைய பாடப்புத்தகங்கள் நடுவில் போட்ட கோடு அவ்வளவு நேரானதல்ல என்பதைக் கொரோனா காட்டிக் கொடுத்தது. அந்த வைரஸ் இரண்டு வழியிலும் போகும். காலரா, டைஃபாய்டு, வாந்தி பேதி தரும் நோரோவைரஸ், ரோட்டாவைரஸ், ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் ஏ ஆகியவை நோயாளியின் மலத்திலிருந்து கை, தண்ணீர், உணவு வழியாக இன்னொருவர் வாய்க்குப் போய்ச் சேருபவை. ஹெபடைட்டிஸ் பி இரத்தத்தின் வழியாகவும் உடல் திரவங்கள் வழியாகவும் பரவும். உடலுக்கு வெளியே உலர்ந்த இரத்தத்தில் 7 நாள்கள் வரைகூட உயிர்ப்போடு இருக்கும் என்பதால் ரேஸர், நகவெட்டி, பல்துலக்கும் பிரஷ் எதையும் பகிரக்கூடாது. ஆனால் அதே நோயாளியோடு உட்கார்ந்து சாப்பிடலாம், கட்டிப்பிடிக்கலாம், ஒன்றும் ஆகாது.

டெங்கு தனி ரகம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நேரடியாகத் தொற்றாது, நடுவில் கொசு வேண்டும். காய்ச்சலின் முதல் சில நாள்களில் நோயாளியின் இரத்தத்தில் வைரஸ் நிறைய இருக்கும். அப்போது அவரைக் கடிக்கும் கொசுதான் பிறகு மற்றவர்களுக்குக் கொடுக்கும். அதனால் கொசுவலை முதலில் தேவைப்படுவது நோயாளிக்கு. டெங்குக் கொசு பகலில் கடிக்கும், ஆகவே பகலிலும் வலைக்குள்தான் இருக்கவேண்டும். டெட்டனஸ் இன்னும் வேறு. கிருமியால் வரும் நோய்தான், உயிரையே எடுக்கும் நோய்தான், ஆனால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவவே பரவாது.

பாதையைப் பிடித்தால் கிருமியைப் பார்க்காமலேகூட நோயை அடக்க வழியுண்டு. 1854-இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, கெட்ட காற்றால்தான் நோய் வருகிறது என்று மருத்துவ உலகமே நம்பியது. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளைக் குறித்துக்கொண்டே போய், அவர்களில் பெரும்பாலோர் பிராட் தெருவின் அடிபம்பில் தண்ணீர் எடுத்தவர்கள் என்று கண்டார். பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்குள் நோய் தணியத் தொடங்கியிருந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஆனாலும் அவர் காட்டிய பாதை சரி. காலராவுக்குக் காரணம் இன்ன பாக்டீரியா என்று ராபர்ட் கோக் நிலைநாட்டியது அதற்கு 30 வருடம் கழித்துத்தான்.

படி 2: எந்த நாள்களில் பரவும் என்று கணக்குப் போடுங்கள்

கிருமி உள்ளே போன நாளுக்கும் அறிகுறி தெரியும் நாளுக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு, அதுதான் நோயரும்பு காலம். இன்ஃப்ளூயன்சாவுக்கு 1 முதல் 4 நாள்கள், சின்னம்மைக்கு 10 முதல் 21 நாள்கள். தொல்லை என்னவென்றால், அறிகுறி தெரிவதற்கு முன்பே பல நோய்கள் பரவத் தொடங்கிவிடும். இன்ஃப்ளூயன்சா அறிகுறிக்கு ஒரு நாள் முன்பிருந்து அடுத்த 5, 7 நாள்கள் வரை பரவும். தட்டம்மை தடிப்பு தோன்ற 4 நாள் முன்பிருந்து தோன்றி 4 நாள் வரை. சின்னம்மை 1, 2 நாள் முன்பிருந்து எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும்வரை.

இதிலிருந்து தெரிவது, நோயாளியைத் தனியே படுக்க வைக்கும்போது வீட்டிலுள்ள சிலருக்கு ஏற்கெனவே கிருமி போயிருக்கக்கூடும். "இனி தனிமைப்படுத்தி என்ன பயன்?" என்று விட்டுவிட வேண்டாம். ஏன் என்பது அடுத்த படியில் தெரியும். நோயரும்பு காலத்தைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அடுத்தவருக்கு வந்தால் எந்த நாளுக்குள் வரும் என்று தெரிந்திருந்தால் பதற்றம் குறையும்.

அறிகுறியே இல்லாமல் பரப்புகிறவர்களும் உண்டு. நியூயார்க்கில் சமையல் வேலை பார்த்த மேரி மாலன் நல்ல உடல்நலத்தோடுதான் இருந்தார். ஆனால் அவர் சமைத்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் டைஃபாய்டு வந்தது. 1907-இல் தனிமைப்படுத்தி, பிறகு விடுவித்தார்கள். மறுபடி சமையல் வேலைக்கே போனதால் 1915 முதல் 1938-இல் இறக்கும்வரை தனிமையிலேயே வைத்தார்கள். அவருக்கு நடந்தது நியாயமா என்பது வேறு விவாதம். டைஃபாய்டு குணமானவர் மற்றவர்களுக்குச் சமைப்பவராக இருந்தால் மலப் பரிசோதனை செய்து பார்க்கச் சொல்வது இந்த மாதிரி அனுபவங்களால்தான்.

படி 3: உடல் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதி கொஞ்சம் நீளம். ஆனால் இது புரிந்தால்தான் மற்றப் படிகளில் எதை விடாமல் செய்யவேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது உங்களுக்கே தெரியும்.

வெளியிலிருந்து தொடங்குவோம். தோலின் மேற்பகுதி இறந்த செல்களால் ஆனது, லேசான அமிலத்தன்மை கொண்டது. கிழிசல் இல்லாதவரை பெரும்பாலான கிருமிகளால் உள்ளே நுழைய முடியாது. கண்ணீரிலும் எச்சிலிலும் லைசோசைம் என்ற நொதி பாக்டீரியாக்களின் சுவரைக் கரைக்கும்; பெனிசிலினுக்குப் பல வருடம் முன்பே, 1922-இல், அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் இதை விவரித்திருந்தார். மூச்சுக்குழாயில் கிருமிகள் சளியில் ஒட்டிக்கொள்ள, அங்கிருக்கும் நுண்ணிய மயிர்கள் அந்தச் சளியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். புகைபிடிப்பவருக்கு இந்த மயிர்கள் செயலிழப்பதால்தான் நெஞ்சுச் சளி எளிதில் நுரையீரல் தொற்றாகிறது. வயிற்றில் அமிலம். காலரா பாக்டீரியா கோடிக்கணக்கில் போனால்தான் ஆரோக்கியமானவரை வீழ்த்தும். அமிலத்தை மட்டுப்படுத்திவிட்டால் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிடுபவர் வீட்டில் இருந்தால், குடல் தொற்று விஷயத்தில் அவர் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும்.

வேலியைத் தாண்டி உள்ளே வந்த கிருமியைச் சந்திப்பவை வெள்ளணுக்கள். 1882-இல் இலியா மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி நட்சத்திர மீனின் இளம்புழுவில் ரோஜா முள்ளைக் குத்திவைத்துப் பார்த்தார். மறுநாள் முள்ளைச் சுற்றி செல்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. அந்நியப் பொருளை விழுங்கும் செல்கள் உண்டு என்ற கருத்து அங்கிருந்துதான் வளர்ந்தது. 1908-இல் நோபல் பரிசும் கிடைத்தது. நம் உடலில் நியூட்ரோபில்களும் மேக்ரோஃபேஜ்களும் இந்த வேலையைச் செய்கின்றன. புண்ணில் வரும் சீழ் பெரும்பாலும் செத்துப்போன நியூட்ரோபில்கள்தான்.

இந்தச் செல்கள் வெளியிடும் வேதிப்பொருள்கள் மூளையின் ஹைபோதலாமஸுக்குப் போய் உடலின் வெப்ப அளவை உயர்த்திவைக்கின்றன. காய்ச்சல் கிருமி செய்வதல்ல, உடல் செய்வது. உடல்வலி, சோர்வு, பசியின்மை எல்லாமும் பெரும்பாலும் அப்படித்தான். சூடு ஏறும்போது சில கிருமிகளின் பெருக்கம் மந்தமாகும், வெள்ளணுக்கள் சுறுசுறுப்பாகும். ஆகவே தெர்மாமீட்டர் எண்ணை இறக்குவதையே குறியாக வைத்து மாத்திரை கொடுக்க வேண்டியதில்லை. நோயாளி அவதிப்பட்டால் சொன்ன அளவில் பாராசிட்டமால் கொடுங்கள், போதும். வைரஸ் காய்ச்சல் உள்ள குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் மட்டும் கொடுக்கவே கூடாது. ரை நோய்க்குறி என்ற, ஈரலையும் மூளையையும் தாக்கும் ஆபத்து அதில் இருக்கிறது.

இதுவரை சொன்னது எந்தக் கிருமி வந்தாலும் ஒரே மாதிரி நடக்கும் தற்காப்பு. அடுத்தது குறிபார்த்து அடிப்பது. டென்ட்ரிட்டிக் செல்கள் கிருமியின் துணுக்கை எடுத்துக்கொண்டு நிணநீர்க் கணுவுக்குப் போகும். அங்கே டி செல்கள், பி செல்கள் என்ற கோடிக்கணக்கான வெள்ளணுக்களில் அந்தத் துணுக்கோடு பொருந்தும் ஒரு சில மட்டும் தேர்வாகி, பல மடங்காகப் பெருகும். தொண்டை வலிக்கும்போது கழுத்தில் நெறி கட்டுவது இதனால்தான். பெருகிய பி செல்களில் பல, அந்தக் கிருமியை ஒட்டிப் பிடிக்கும் ஆன்டிபாடி என்ற புரதங்களைத் தயாரிக்கும். டி செல்களில் ஒரு வகை தொற்றிய செல்களையே தேடிக் கொல்லும். முதன்முறை சந்திக்கும் கிருமிக்கு இதற்கெல்லாம் ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும்.

வீட்டுப் பராமரிப்பின் தர்க்கம் இந்த ஒரு வாரத்தில்தான் இருக்கிறது. குறைந்த கிருமி உள்ளே போனால் முதல் தற்காப்பே அதை முடித்துவிட வாய்ப்பு அதிகம். நிறையப் போனால் குறிபார்க்கும் படை தயாராவதற்குள் நோய் முந்திவிடும். படி 2-இல் விட்ட கேள்விக்குப் பதிலும் இதுவே. ஏற்கெனவே கொஞ்சம் தொற்றியிருக்கலாம், தொற்றாமலும் இருந்திருக்கலாம். மேற்கொண்டு போகும் கிருமியைக் குறைப்பது எப்போதும் லாபம். ஆனால் எல்லாக் கிருமிக்கும் இந்தக் கணக்கு சாதகமல்ல. சீதபேதி தரும் ஷிகெல்லாவுக்கு 10 முதல் 100 பாக்டீரியாக்கள் போதும். நோரோவைரஸுக்கும் சொற்பமே போதும். இவற்றிடம் அரைகுறைச் சுத்தம் செல்லாது.

நோய் போன பிறகும் சில செல்கள் நினைவோடு தங்கிவிடும். 1846-இல் ஃபேரோ தீவுகளில் தட்டம்மை பரவி, 7,800-க்குச் சற்றுக் குறைவான மக்களில் 6,000 பேர் அளவுக்குப் படுத்துவிட்டார்கள். அங்கே போன டென்மார்க் மருத்துவர் பீட்டர் பானும் என்பவர் ஒன்றைக் கவனித்தார்: 65 வருடம் முன்பு, 1781-இல் தட்டம்மை வந்து பிழைத்த முதியவர்கள் ஒருவருக்கும் இந்த முறை வரவில்லை. நோயில் படாமலேயே இந்த நினைவை உண்டாக்குவதுதான் தடுப்பூசி. 1796-இல் எட்வர்ட் ஜென்னர் தொடங்கிவைத்தது, 1980-இல் பெரியம்மை ஒழிந்தது என்று உலக சுகாதார அமைப்பு அறிவிப்பதில் போய் முடிந்தது. தட்டம்மையே இந்த நினைவுக்கும் எதிரி. மற்றக் கிருமிகளுக்கு எதிராக முன்பு சேர்த்துவைத்த ஆன்டிபாடிகளில் ஒரு பகுதியை அது அழித்துவிடுகிறது. "சின்ன வயதில் வந்து போகட்டும்" என்று விடக்கூடிய நோயல்ல அது.

எதிர்ப்பு சக்தியை "ஏற்றித் தரும்" என்று விற்கும் பொடிகள், பானங்கள் பற்றிக் கேட்கிறீர்களா? நிணநீர்க் கணுவில் நடப்பதை மூன்று நாளில் எந்தப் பொடியும் முடுக்கிவிடாது. போதுமான தூக்கம், சத்துக்குறைவில்லாத சாப்பாடு, தடுப்பூசி, கட்டுப்பாட்டில் இருக்கும் சர்க்கரை நோய். உண்மையில் கைகொடுப்பவை இவைதான், விளம்பரம் பண்ண ஆள் இல்லை.

படி 4: கை

1847-இல் வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வெய்ஸ் என்ற மருத்துவர், பிணப் பரிசோதனை முடித்த கையோடு மருத்துவர்கள் பிரசவம் பார்க்க வருவதைக் கவனித்தார். அந்த வார்டில் ஏப்ரல் மாதம் தாய்மார்களின் இறப்பு 18 சதவீதம். குளோரின் கலந்த கரைசலில் கை கழுவச் செய்த பிறகு ஜூன் மாதம் அது சுமார் 2 சதவீதமானது. சகாக்கள் நம்பவில்லை, தங்கள் கைதான் காரணம் என்பதை யாருக்குத்தான் ஒப்புக்கொள்ளப் பிடிக்கும்?

கழுவும் முறை: நனைத்து, சோப்புப் போட்டு, குறைந்தது 20 விநாடி தேய்க்கவேண்டும். உள்ளங்கையைத்தான் எல்லோரும் தேய்க்கிறார்கள். விட்டுப்போகும் இடங்கள் விரல் நுனி, கட்டைவிரல், விரல் இடுக்கு, நகத்தடி. அப்புறம் ஓடும் நீரில் கழுவி, உலரத் துடைக்கவேண்டும். ஈரக்கை கிருமியை எளிதில் கடத்தும். நோயாளிக்குத் தனித் துண்டு.

சானிடைசர் என்றால் குறைந்தது 60 சதவீதம் ஆல்கஹால் இருக்கவேண்டும். கையில் அழுக்கோ பிசுக்கோ இருந்தால் பலிக்காது. இன்ஃப்ளூயன்சா, கொரோனா வைரஸ்களுக்கு வெளியே கொழுப்புறை உண்டு. சோப்பும் ஆல்கஹாலும் அதைக் கரைத்துவிடும். நோரோவைரஸுக்கு அந்த உறை இல்லை, ஆல்கஹாலுக்கு அது சரியாக மசியாது. வாந்தி பேதி உள்ள வீட்டில் சோப்பும் தண்ணீரும்தான்.

கையுறை போட்டால் கை கழுவ வேண்டாம் என்று அர்த்தமில்லை. கழற்றும்போதுதான் பெரும்பாலும் கையில் ஒட்டும். கழற்றியதும் கழுவுங்கள்.

படி 5: காற்று

இருமல், அம்மை, காசநோய் என்றால் உழைப்பை இங்கே போடுங்கள். தரையைத் துடைப்பதில் அல்ல. நோயாளிக்குத் தனி அறை, வெளி ஜன்னல் திறந்து, வீட்டுக்குள் வரும் கதவு மூடி. ஜன்னலில் காற்றை வெளியே தள்ளும் விசிறி இருந்தால் இன்னும் நல்லது. மேலே சுழலும் மின்விசிறி இருக்கும் காற்றைக் கலக்குமே தவிர மாற்றாது. அறை ஏசியும் பெரும்பாலும் உள்காற்றையே சுற்றவிடும்.

முகக்கவசம் முதலில் நோயாளிக்கு. கிருமி கிளம்பும் இடத்திலேயே தடுப்பது மேல். பார்த்துக்கொள்பவருக்கு என்95 கவசம் நல்லது. 0.3 மைக்ரான் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தை அது வடிகட்டும், ஆனால் முகத்தோடு ஒட்டி இருந்தால் மட்டும். ஓரத்தில் இடைவெளி விட்டால் காற்று அந்த வழியாகத்தான் போகும்.

படி 6: வாந்தி, மலம், துணி, பரப்புகள்

அழுக்கின் மேலேயே பிளீச்சை ஊற்றுவது வீண். கரிமப் பொருள் குளோரினைத் தின்றுவிடும். முதலில் மற்றவர்களை விலக்கி, கையுறையும் முகக்கவசமும் அணிந்து, காகிதத்தால் மூடி, ஓரத்திலிருந்து நடுநோக்கி எடுத்துப் பையில் கட்டுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். அதற்கப்புறம்தான் பிளீச்.

புட்டியில் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் என்று போட்டிருந்தால், 1 பங்குக்கு 9 பங்கு தண்ணீர் சேர்த்தால் 0.5 சதவீதம் வரும். வாந்தி, மலம், இரத்தம் பட்ட இடத்துக்கு இது. 1 பங்குக்கு 49 பங்கு சேர்த்தால் 0.1 சதவீதம், கதவுப் பிடி, சுவிட்ச், குழாய், ஃபிளஷ் பிடி போன்றவற்றுக்கு இது போதும். 10 நிமிடம் ஈரமாக விட்டுப் பிறகு துடைக்கவேண்டும். உடனே துடைத்தால் பலனில்லை. கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்குங்கள். அமிலக் கழிப்பறைத் திரவத்தோடோ அம்மோனியா உள்ள திரவத்தோடோ பிளீச்சைக் கலக்கவே கூடாது; நச்சு வாயு வரும். ஆள்மேல் தெளிப்பதும் கூடாது.

நோயாளியின் துணியை உதறாமல் எடுத்து, சோப்புத்தூளோடு துணி தாங்கும் அளவு சூடான நீரில் துவைத்து, முழுக்கக் காயவிடுங்கள். தட்டு, டம்ளரை வழக்கம்போல் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், தூக்கி எறிய வேண்டாம்.

படி 7: வீட்டில் யாருக்கு அதிக ஆபத்து?

கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர். இவர்களை நோயாளியின் அறைப் பக்கமே விடாதீர்கள். முன்பு அதே நோய் வந்தவர் அல்லது தடுப்பூசி போட்டவர் பார்த்துக்கொள்வது உத்தமம்.

தொற்றுக்கு ஆளான பிறகும் தடுக்க முடிகிற நோய்கள் சில உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் நேரம் முக்கியம். தட்டம்மை நோயாளியோடு பழகியவர் 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் நோய் வராமலோ லேசாகவோ போகலாம். தடுப்பூசி போட முடியாத கர்ப்பிணி போன்றவர்களுக்கு 6 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின், அதாவது ஆயத்தமான ஆன்டிபாடிகளை, ஊசியாகக் கொடுக்கலாம். ஹெபடைட்டிஸ் பி இரத்தம் பட்ட ஊசி குத்தினால் முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி. மெனிங்கோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் என்றால் வீட்டிலுள்ள எல்லோருக்கும் தடுப்பு ஆன்டிபயாடிக். இந்த நோய்ப் பெயர்கள் காதில் விழுந்தால் அன்றே மருத்துவரைக் கேளுங்கள்.

படி 8: மருந்தும் மருத்துவமனையும்

ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கு மட்டும்தான். சளி, இன்ஃப்ளூயன்சா, அம்மை எதற்கும் அது வேலை செய்யாது. போன முறை மிச்சமான மாத்திரையை எடுத்துக் கொடுக்காதீர்கள். அரைகுறை அளவில் கொடுத்தால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும் என்று பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங்கே 1945-இல் தன் நோபல் உரையில் எச்சரித்தார்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம்: மூச்சுத் திணறல், உதடு நீலமாவது, குழப்பம் அல்லது எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, கழுத்து விறைப்பு, பல மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, நிற்காத வாந்தி, கண்ணாடி டம்ளரால் அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள். 3 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே மருத்துவரிடம் போகவேண்டும், வேறு அறிகுறி இல்லாவிட்டாலும்.

படி 9: தனிமையை எப்போது முடிப்பது?

இன்ஃப்ளூயன்சா போன்றவற்றில், காய்ச்சல் மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் சூடு வராமல் இருந்து, உடம்பும் தேறி வந்தால் அறையை விட்டு வரலாம். இன்னும் சில நாள் முகக்கவசம் இருக்கட்டும். சின்னம்மையில் கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டவேண்டும். காசநோயில் மருத்துவர் சொல்லும்வரை காத்திருங்கள். மருந்தை மட்டும் முழு மாதங்களும் முடிக்கவேண்டும், இருமல் நின்றுவிட்டாலும். வாந்தி பேதியில் கடைசி முறை போனதிலிருந்து 48 மணி நேரம் கழியவேண்டும், அதுவரை சமையலறைப் பக்கம் வரக்கூடாது. நோரோவைரஸ் குணமான பிறகும் 2 வாரமோ அதற்கு மேலோ மலத்தில் வெளியேறலாம் என்பதால், கழிப்பறை போய்வந்து சோப்பால் கை கழுவுவதை மட்டும் அதுவரை ஒரு முறைகூட விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.